மறைந்த வீரரின் தொப்பிக்கு ரூ.2.6 கோடி! நம்ம ஊர் வீரர்களின் பேட், ஷீல்டு, போட்டோ எல்லாம் எங்கே போகிறது? முழு விளக்கம்

வெளிறிப்போன ஒரு பச்சைத் தொப்பி. வயது 75-க்கும் மேல். 2024 டிசம்பர் 3-ம் தேதி ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் அது ஏலத்துக்கு வந்தது. கட்டணங்கள் எல்லாம் சேர்த்து அது போன விலை 4,79,700 ஆஸ்திரேலிய டாலர். நம்ம பணத்தில் சுமார் 2.6 கோடி ரூபாய்.

அப்படி என்ன இருக்கு அந்தத் தொப்பியில்? அதை அணிந்து விளையாடியவர் டான் பிராட்மேன். 1947-48-ல் இந்திய அணி ஆஸ்திரேலியா போனபோது, அந்த டெஸ்ட் தொடரில் அவர் அடித்த ரன்கள் 715. சராசரி 178.75. அந்தத் தொப்பியை இந்திய அணியின் மேலாளராகப் போயிருந்த பங்கஜ் குப்தாவுக்கு அவரே பரிசாகக் கொடுத்தார். 2001-ல் பிராட்மேன் மறைந்தார். தொப்பி மட்டும் கை மாறி, கை மாறி ஏலக் கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

இப்போ நம்ம பக்கம் வருவோம். திருவண்ணாமலை, செங்கம், போளூர், ஆரணி, வந்தவாசி என்று எந்த ஊருக்குப் போனாலும், ஒரு காலத்தில் கபடியிலோ வாலிபாலிலோ கிரிக்கெட்டிலோ பேர் வாங்கிய ஒருவர் இருந்திருப்பார். அவர் மறைந்த பிறகு அவருடைய ஷீல்டும், சான்றிதழும், டீம் போட்டோவும் என்ன ஆகிறது? பெரும்பாலும் பரணுக்குப் போகும். அங்கிருந்து வீட்டுக்கு வெள்ளையடிக்கும் நாளில் பழைய பேப்பர் கடைக்குப் போகும். கிலோ கணக்கில் எடை போடப்படும்.

ஒரு பொருளை நினைவுப் பொருளாக மாற்றுவது எது? சேகரிக்க ஆசைப்படுபவர்கள் எதில் கவனமாக இருக்க வேண்டும்? விரிவாகப் பார்க்கலாம்.

நினைவுப் பொருள் என்றால் என்ன?

இதில் 2 வகை இருக்கிறது. முதல் வகை, வீரர் நேரடியாகப் பயன்படுத்தியது. பேட், பந்து, ஹாக்கி ஸ்டிக், ஜெர்சி, தொப்பி, பதக்கம், அவர் கைப்பட எழுதிய கடிதம், போட்ட கையெழுத்து ஆகியவை இதில் வரும். பெரிய விலைக்குப் போவதெல்லாம் இந்த வகைதான்.

2-வது வகை, அவரைக் கௌரவிக்க மற்றவர்கள் வெளியிட்டது. அஞ்சல் தலை, நாணயம், வீரர் படம் போட்ட அட்டை, சிறப்பு மலர், நினைவுக் கோப்பை போன்றவை. எண்ணிக்கையில் இவை அதிகம், விலை குறைவு. புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு ஏற்றது இதுதான்.

உதாரணத்துக்கு ஹாக்கி வீரர் தியான் சந்த். 1979 டிசம்பர் 3-ல் அவர் மறைந்தார். சரியாக ஓராண்டு கழித்து, 1980-ல் இந்திய அஞ்சல் துறை அவருக்கு அஞ்சல் தலை வெளியிட்டது. ரஞ்சித்சிங்ஜிக்கு 1973-ல் வந்தது. சி.கே. நாயுடு, வினு மன்கட், விஜய் மெர்ச்சன்ட், தேவ்தர் ஆகிய 4 கிரிக்கெட் வீரர்களுக்கு 1996-ல் வந்தது. அஞ்சல் தலையோடு அதே நாளில் முத்திரை குத்தி வெளியாகும் உறைக்கு ‘முதல் நாள் உறை’ என்று பெயர். அஞ்சல் தலை சேகரிப்பவர்கள் தேடுவது இதைத்தான். சென்னை அண்ணா சாலை தலைமை அஞ்சல் நிலையத்தில் இதற்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது.

பேஸ்பாலில் மட்டும் ஏன் இவ்வளவு பணம்?

இந்த மாதிரி சேகரிப்பை ஒரு பெரிய தொழிலாகவே வளர்த்தது அமெரிக்காவின் பேஸ்பால்தான். நமக்கு கிரிக்கெட் எப்படியோ, அவர்களுக்கு பேஸ்பால் அப்படி. அங்கே 19-ம் நூற்றாண்டிலேயே சிகரெட் பாக்கெட்டுக்குள் வீரர் படம் போட்ட அட்டை வைத்து விற்றார்கள். பிறகு சூயிங்கம் பாக்கெட்டில் வந்தது. பிள்ளைகள் சேர்த்து வைத்த அட்டைகள்தான் இன்று கோடிகளில் போகின்றன. 1995-ல் மறைந்த மிக்கி மேன்டில் என்ற வீரரின் 1952-ம் வருடத்து அட்டை ஒன்று, 2022-ல் 1.26 கோடி டாலருக்கு விற்றது. ஒரு சின்ன அட்டைத் துண்டுக்கு இந்த விலை!

அதையும் மிஞ்சியது பேப் ரூத்தின் ஜெர்சி. 1948-ல் மறைந்தவர் இவர். 1932 உலகத் தொடரின் 3-வது ஆட்டத்தில் அவர் போட்டிருந்த சட்டை, 2024 ஆகஸ்ட்டில் 2.4 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. சுமார் 200 கோடி ரூபாய்.

இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. அதே சட்டை 2005-லும் ஏலத்துக்கு வந்தது. அப்போது விலை 9.4 லட்சம் டாலர்தான். நடுவில் சந்தை வளர்ந்தது உண்மை. கூடவே இன்னொன்றும் நடந்தது. 1932-ல் எடுத்த பழைய போட்டோக்களையும் சட்டையையும் பக்கத்தில் வைத்து, தையல், எழுத்து இருக்கும் இடம், துணியின் அமைப்பு என ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, ‘அந்த ஆட்டத்தில் அவர் உடம்பில் இருந்தது இதே சட்டைதான்’ என்று நிபுணர்கள் உறுதி செய்தார்கள். சான்று பலமானதும் விலை எங்கேயோ போய்விட்டது.

2020-ல் மறைந்த கால்பந்து வீரர் மரடோனாவின் ஜெர்சி விஷயத்திலும் இதே கதை. 1986 உலகக் கோப்பையில் இங்கிலாந்துக்கு எதிராக அவர் போட்டிருந்த சட்டை 2022-ல் லண்டனில் ஏலத்துக்கு வந்தபோது, ‘இது அவர் கோல் அடித்த 2-வது பாதியில் போட்ட சட்டையே இல்லை’ என்று அவருடைய குடும்பத்தினர் சொன்னார்கள். போட்டோ ஒப்பீட்டைக் காட்டித்தான் ஏல நிறுவனம் பதில் சொன்னது. சட்டை 71 லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போனது.

பொருளுக்கு ஒரு கல்வெட்டு வேண்டும்

ஒரு பொருள் யாரிடம் தொடங்கி, யார் யார் கைக்கு வந்து, இப்போது யாரிடம் இருக்கிறது என்ற வரலாற்றை ‘உரிமை வரலாறு’ என்று சொல்லலாம். கேட்க பெரிய வார்த்தையாக இருந்தாலும், திருவண்ணாமலைக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. அண்ணாமலையார் கோயில் சுவர்களில் சோழர் காலம் தொட்டு வெட்டப்பட்ட கல்வெட்டுகள் செய்வது இதே வேலைதான். யாருடைய ஆட்சி, எந்த ஆண்டு, யார் கொடுத்தது, என்ன கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது என்று எழுதி வைத்தார்கள். அதனால்தான் பல நூறு வருஷம் கழித்தும் அந்தத் தானங்களைப் பற்றிப் பேச முடிகிறது.

இதே ஊரில் ரமணாசிரமத்தையும் சொல்லலாம். 1950 ஏப்ரல் 14-ல் ரமணர் மறைந்த சின்ன அறை இன்றும் அப்படியே பாதுகாக்கப்படுகிறது. எந்த அறை, யாருடைய பொருள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராததற்குக் காரணம், அவை ஆரம்பத்தில் இருந்தே இடம் மாறாமல், ஒரே பொறுப்பில் இருப்பதுதான்.

விளையாட்டு வீரரின் பொருளுக்கும் இதே விதிதான். எழுத்து மூலமான சான்று இல்லாத பழைய பேட், வெறும் பழைய பேட் மட்டுமே.

அரசிடம் கொடுத்தால் பத்திரமா? பல்பீர் சிங் அனுபவம்

எழுதி வைக்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவில் ஒரு வேதனையான உதாரணம் இருக்கிறது. 1948, 1952, 1956 என 3 ஒலிம்பிக்கில் ஹாக்கி தங்கம் வென்றவர் பல்பீர் சிங் சீனியர். 1952 ஹெல்சிங்கி இறுதிப் போட்டியில் இந்தியா அடித்த 6 கோல்களில் 5 இவருடையது.

ஒரு விளையாட்டு அருங்காட்சியகம் வரப்போகிறது என்பதால், 1985-ல் தன்னிடம் இருந்த 36 பதக்கங்கள், நூற்றுக்கும் மேற்பட்ட அரிய போட்டோக்கள், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் கேப்டனாக அணிந்த பிளேசர் ஆகியவற்றை இந்திய விளையாட்டு ஆணையத்துக்குக் கொடுத்தார். அந்த அருங்காட்சியகம் வரவில்லை. 2012 லண்டன் ஒலிம்பிக் சமயத்தில் கண்காட்சிக்காகத் தேடியபோதுதான் அந்தப் பொருட்கள் காணாமல் போனது தெரியவந்தது. குடும்பத்தினர் வருஷக்கணக்கில் கேட்டுப் பார்த்தார்கள். கடிதம் போட்டார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலும் கேட்டார்கள். பொருட்கள் திரும்ப வராமலேயே 2020 மே 25-ல் பல்பீர் சிங் மறைந்தார்.

இதிலிருந்து குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது: பள்ளி, கிளப், சங்கம், அருங்காட்சியகம், அரசு அலுவலகம் என்று யாரிடம் கொடுத்தாலும் பொருட்களின் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்து, கையெழுத்தும் முத்திரையும் உள்ள ஒப்புகைச் சீட்டு வாங்க வேண்டும். அது நன்கொடையா, இரவலா என்பதையும் அதிலேயே எழுத வேண்டும். திறப்பு விழா நடக்காவிட்டால் பொருளைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்ப்பதில் தப்பே இல்லை.

தமிழ்நாட்டில் யாருடைய பொருட்களைத் தேடலாம்?

நல்ல உதாரணம், எம்.ஜே. கோபாலன். செங்கல்பட்டு மாவட்டம் மொரப்பாக்கத்தில் 1909-ல் பிறந்தவர். கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்காக ஆடியவர். 1934 நவம்பர் 4-ல் சேப்பாக்கத்தில் மெட்ராஸ் அணிக்கும் மைசூர் அணிக்கும் நடந்த ஆட்டம்தான் ரஞ்சி டிராபியின் முதல் ஆட்டம். அதில் முதல் பந்தை வீசியவர் இவர். அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. இன்னொரு மெட்ராஸ் வீரர் ஏ.ஜி. ராம்சிங் 11 விக்கெட் எடுத்தார்.

1936-ல் கோபாலனுக்கு ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி, இன்னொரு பக்கம் இங்கிலாந்து கிரிக்கெட் சுற்றுப்பயணம். அவர் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். இங்கிலாந்தில் ஒரு டெஸ்டில்கூட அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அங்கே பெர்லினில் ஹாக்கி அணி தங்கம் வென்றது. அவர் வாழ்க்கையில் ஆடிய டெஸ்ட் ஒன்றே ஒன்று, 1934 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்தது. 2003 டிசம்பரில் அவர் மறைந்தார். அவர் பெயரில் 1950-களில் தொடங்கிய கோபாலன் டிராபியில் மெட்ராஸும் இலங்கையும் பல ஆண்டுகள் மோதின.

இப்படிப்பட்டவரின் நினைவாகச் சேகரிக்க விரும்பினால் பேட், தொப்பி கிடைப்பது அபூர்வம். ஆனால் பேப்பர் கிடைக்கும். ஸ்கோர் கார்டு, கோபாலன் டிராபி ஆட்டங்களின் நிகழ்ச்சி நிரல், டிக்கெட், அணி போட்டோ, 1936 சுற்றுப்பயண அணியின் கையெழுத்துத் தாள், அன்றைய பத்திரிகைப் பக்கம் என்று தேடலாம். சென்னையிலிருந்து 1940-களின் பிற்பகுதி முதல் 1960-களின் பிற்பகுதி வரை வெளிவந்த ‘ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம்’ இதழ்கள் தென்னிந்திய வீரர்களைத் தேடுபவர்களுக்குப் பெரிய புதையல். பழைய புத்தகங்களுக்குப் பேர்போன சென்னை மூர் மார்க்கெட் 1985-ல் தீயில் அழிந்தது. ஆனாலும் பழைய புத்தகக் கடைகளிலும், எடைக்கு வாங்கும் கடைகளிலும் இவை இன்னும் தலை காட்டுகின்றன.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

மறைந்த வீரர் இனி கையெழுத்துப் போட மாட்டார். அதனால் இருப்பதற்கு மதிப்பு ஏறும். அதே காரணத்தால் போலியும் பெருகும். அமெரிக்காவில் 1990-களின் கடைசியில் எஃப்.பி.ஐ. நடத்திய ‘ஆபரேஷன் புல்பென்’ விசாரணையில், போலிக் கையெழுத்துக் கும்பல்கள் வரிசையாகச் சிக்கின. அதில் எல்லோரையும் அதிர வைத்தது, அன்னை தெரசா கையெழுத்துப் போட்டதாகச் சொல்லி விற்பனைக்கு வந்த பேஸ்பால் பந்து!

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை:

• கையெழுத்து பேனா மையா, அச்சா? பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். சின்னச் சின்னப் புள்ளிகளாகத் தெரிந்தால் அது அச்சு.

• பேனா அந்தக் காலத்தில் இருந்ததா? 1936-ல் பால்பாயின்ட் பேனா புழக்கத்தில் இல்லை. அந்த வருஷத்துக் கையெழுத்து என்று சொல்லி பால்பாயின்டில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

• அந்த வீரர் போட்ட வேறு கையெழுத்துகளோடு ஒப்பிட்டீர்களா? ஒருவர் 25 வயதில் போட்டதும் 70 வயதில் போட்டதும் ஒரே மாதிரி இருக்காது. அதே காலத்துக் கையெழுத்தோடு ஒப்பிட வேண்டும்.

• விற்பவருக்கு அது எப்படிக் கிடைத்தது? ‘தாத்தா வீட்டில் இருந்தது’ என்ற பதில் போதாது. எந்தத் தாத்தா, அவருக்கும் வீரருக்கும் என்ன தொடர்பு என்று கேளுங்கள். எழுதியும் வாங்குங்கள்.

• சான்றிதழ் இருக்கிறது என்பதாலேயே நம்பிவிடலாமா? கூடாது. கையெழுத்தைப் போலியாகப் போடத் தெரிந்தவருக்குச் சான்றிதழ் அச்சடிக்கவும் தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கோயில் நகரத்தில் பழைய பொருள் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். 1972-ம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, 100 ஆண்டுகள் கடந்த கலை, வரலாற்று மதிப்புள்ள பொருட்கள் தொல்பொருள் ஆகிவிடும். வரலாற்று மதிப்புள்ள ஆவணம், கையெழுத்துப் பிரதி என்றால் 75 ஆண்டுகளே போதும். இவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. விற்பனைத் தொழில் செய்ய உரிமம் வேண்டும். சில வகைகளைப் பதிவும் செய்ய வேண்டும்.

1930-களின் பேட்டுக்கு இன்னும் 100 ஆகவில்லை. ஆனால் சேப்பாக்கத்தில் பொங்கலை ஒட்டி இந்தியர்களும் ஐரோப்பியர்களும் மோதிய மெட்ராஸ் பிரசிடென்சி ஆட்டம் 1915-16-ல் தொடங்கியது. அந்தக் காலத்துப் பொருள் எதுவும் கிடைத்தால், இந்தச் சட்டத்தில் வருமா என்று முதலில் விசாரிப்பது நல்லது. குறிப்பாக, வெளிநாட்டு நண்பருக்குப் பரிசாகக் கொடுத்து அனுப்பும் முன்பு.

‘பழைய விளையாட்டுப் பொருள் இருக்கு, கூடவே ஒரு சின்னச் செப்புச் சிலையும் இருக்கு, ஓலைச்சுவடியும் இருக்கு’ என்று யாராவது பேச்சுக் கொடுத்தால், அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுவதே புத்திசாலித்தனம். தமிழ்நாட்டில் சிலைக் கடத்தலை விசாரிக்கவே தனிப் போலீஸ் பிரிவு இருக்கிறது.

வீட்டில் எப்படிப் பாதுகாப்பது?

கத்திரி வெயிலும், ஐப்பசி கார்த்திகை ஈரமும் மாறி மாறி வரும் ஊர் திருவண்ணாமலை. காகிதத்துக்கும் துணிக்கும் இந்த மாற்றம்தான் முதல் எதிரி. ஓடு, தகரக் கூரைக்குக் கீழே இருக்கும் பரண் ரொம்ப மோசமான இடம்.

• போட்டோவையும் சான்றிதழையும் லேமினேட் செய்யாதீர்கள். பிறகு பிரிக்கவே முடியாது. செல்லோ டேப்பும் ஒட்டக் கூடாது, பழுப்புக் கறை விடும்.

• போட்டோவின் பின்பக்கம் மென்மையான பென்சிலால் பெயர், இடம், வருஷம் எழுதுங்கள். பேனா வேண்டாம்.

• ஜெர்சியைத் துவைத்து இஸ்திரி போட்டுப் ‘புதுசு’ ஆக்காதீர்கள். கறை, கிழிசல், தையல் எல்லாமே சான்று. பதக்கத்தைப் புளி போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம்.

• ராமபாணப் பூச்சி, கரையான் வருகிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். அந்துருண்டை பொருளின் மேல் நேரடியாகப் படக் கூடாது.

• சுவரில் மாட்ட ஆசையா? ஒரிஜினலை உள்ளே வைத்துவிட்டு, ஸ்கேன் செய்த பிரதியை மாட்டுங்கள். வெயில் படும் சுவரில் கையெழுத்து மெல்ல மங்கிவிடும்.

விற்கலாமா? கொடுக்கலாமா?

இரண்டுக்கும் வழி இருக்கிறது. ஷேன் வார்ன் 2020-ல் தன் டெஸ்ட் தொப்பியை ஏலம் விட்டு, கிடைத்த 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேற்பட்ட தொகையைக் காட்டுத்தீ நிவாரணத்துக்குக் கொடுத்தார். வாங்கிய வங்கி அதைப் பிராட்மேன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. 2022-ல் வார்ன் மறைந்தார்.

அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுனில் 1939 முதல் இயங்கும் பேஸ்பால் அருங்காட்சியகம் பொருட்களைக் காசு கொடுத்து வாங்குவதில்லை. எல்லாம் நன்கொடையாக வந்தவை. இந்தியாவில் புனே, கொல்கத்தா நகரங்களில் தனியார் முயற்சியில் விளையாட்டு அருங்காட்சியகங்கள் இயங்குகின்றன.

ஆனால் ஊர் அளவில் ஆடிய ஒரு கபடி வீரரின் ஷீல்டை எந்த ஏல நிறுவனமும் தேடி வரப்போவதில்லை. பொங்கலுக்கு அவர் பெயரில் ‘நினைவு சுழற்கோப்பை’ போட்டி நடக்கும். பேனரில் படம் இருக்கும். 10 வருஷம் போனால், ‘இவர் யாரு, எந்த டீமுக்கு ஆடினார்?’ என்று கேட்டால் ஆடுகளத்தில் இருக்கும் பையன்களுக்குத் தெரியாது. அவரோடு ஆடியவர்கள் இருக்கும்வரைதான் பழைய டீம் போட்டோவில் யார் யார் நிற்கிறார்கள் என்று சொல்ல முடியும்.

அதனால் பழைய டீம் போட்டோ வைத்திருக்கும் குடும்பங்கள் முதலில் செய்ய வேண்டியது: அதை செல்போனில் தெளிவாகப் படம் எடுத்து, அவரோடு ஆடிய மூத்தவர் ஒருவரிடம் காட்டுவது. இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் பெயரும், எந்த வருஷம், எந்த ஊர்ப் போட்டி, என்ன பரிசு என்பதையும் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வது. அந்தத் தாளின் ஒரு பிரதியைப் போட்டோவோடும், இன்னொன்றை ஊர்ப் பள்ளியிலோ கிளப்பிலோ ஒப்புகை வாங்கியும் வைப்பது. இதற்கு ஒரு பேனாவும் ஒரு மாலை நேரமும் போதும்.